கியூபாவின் மேளமும் 1912இன் மௌனமும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு ஏன் கியூபா என்று சிலர் கேட்டார்கள். கியூபாவைப் பற்றித் தமிழில் நாம் நிறையவே படித்திருக்கிறோம். அந்தப் படிப்பு பெரும்பாலும் 1953இல் மொன்காதா படைமுகாம் தாக்குதலில் தொடங்கும். சியரா மயெஸ்த்ரா மலையில் ஏறும். 1959 ஜனவரியில் ஹவானாவுக்குள் நுழைந்து முடிந்துவிடும். அந்தத் தீவில் மேளம் அடித்தவர்கள் யார், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள், செத்தால் யார் தூக்கினார்கள் என்ற கேள்விகள் அதில் அநேகமாக வருவதில்லை. அங்கிருந்து தொடங்கினால் வேறொரு கியூபா தெரிகிறது.

மேளம் என்றதும் இந்த அரங்கில் எல்லோர் மனத்திலும் எந்தக் கருவி வரும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் கியூபாவோடு நின்றுகொள்கிறேன்.

கியூபப் பண்பாடு என்று தேடினால் ரும்பா, சோன், சாந்தேரியா வழிபாடு, திருவிழா ஊர்வலம் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதிலுள்ள ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் அடியில் கறுப்பின மக்களின் ஒரு சங்கம் இருந்தது. பாட்டைத் தேசம் எடுத்துக்கொண்டது. சங்கத்தைச் சுட்டது. இதுதான் நான் சொல்ல வந்தது. இனி விவரங்கள்.

கொலம்பஸ் 1492இல் வந்திறங்கியபோது தீவில் இருந்தவர்கள் தாய்னோ மக்கள். நோயும் கட்டாய உழைப்பும் சில தலைமுறைகளுக்குள் அவர்களைச் சிதைத்தன. ஓலை வேய்ந்த பொஹியோ குடிசை, மரவள்ளிக் கிழங்கில் சுடும் கசாபே ரொட்டி, புகையிலை என்று அவர்கள் விட்டுச்சென்றவை இன்றும் கியூப வாழ்க்கையில் இருக்கின்றன. நீண்ட காலம் கியூபா ஸ்பெயினுக்கு ஒரு துறைமுகத் தீவுதான். அதை மாற்றியது பக்கத்துத் தீவின் புரட்சி. 1791இல் ஹெய்த்தியின் அடிமைகள் எழுந்து கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தினார்கள். உலகச் சந்தையில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த இடத்தைப் பிடிக்கக் கியூபத் தோட்ட முதலாளிகள் பாய்ந்தார்கள். ஓர் இடத்து அடிமைகளின் விடுதலை இன்னோர் இடத்தில் அடிமைமுறையைப் பெருக்கியது என்பது கசப்பான உண்மை.

கியூபாவுக்கு மொத்தம் 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 1790க்குப் பிறகு வந்தவர்கள். அடிமை வணிகத்தை நிறுத்துவதாக 1817இல் ஸ்பெயின் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டது. கள்ளத்தனமாக அது 1860களின் பிற்பகுதி வரை நடந்தது. 1841 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம். அதில் 4 லட்சத்து 36 ஆயிரம் பேர் அடிமைகள். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரையும் கலப்பினத்தவரையும் சேர்த்தால் வெள்ளையர் சிறுபான்மை. இந்தக் கணக்கு ஆளும் வர்க்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு 1847 முதல் 1874 வரை ஒன்றே கால் லட்சம் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். சாந்தியாகோ நகரத் திருவிழாவில் இன்றும் ஆப்பிரிக்க மேளங்களுக்கு மேலே கூர்மையாக ஒலிக்கும் ஊதுகருவியின் பெயர் சீன ஊதுகுழல். இரண்டு கூலிக் கூட்டங்கள் ஒரே தெருவில் நடந்ததற்கு அந்த ஒலியே சாட்சி.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். அதன் பெயர் கபில்தோ. ஸ்பெயின் நகரங்களில் இருந்த மதச் சகோதரத்துவ அமைப்புகளை ஒட்டி, ஆப்பிரிக்கர்களும் தங்கள் தங்கள் இனக்குழுவின் பெயரில் கூடிக்கொள்ள ஆட்சியாளர்கள் அனுமதித்தார்கள். லுகுமி, அராரா, கராபாலி, கோங்கோ என்று பல கபில்தோக்கள். லுகுமி என்பது யொருபா மொழி பேசியவர்களுக்குக் கியூபாவில் கிடைத்த பெயர். ஆட்சியின் கணக்கு எளிமையானது. தனித்தனி இனக்குழுவாக வைத்தால் ஒன்றுசேர மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வருவார்கள்.

நடந்தது வேறு. கபில்தோவுக்கு ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு கொடி, ஒரு பணப்பெட்டி இருந்தன. உறுப்பினர்கள் காசு போட்டார்கள். அந்தக் காசில் நோயாளியைப் பார்த்துக்கொண்டார்கள், இறந்தவரை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள், வீடு வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உறுப்பினரின் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். ஸ்பானியச் சட்டத்தில் ஓர் அடிமை தன் விலையை நிர்ணயித்துத் தவணையில் கட்டி விடுதலை பெற வழி இருந்தது. வயலில் உழைத்தவருக்கு அது எட்டாக்கனி. நகரத்து அடிமைக்குக் கபில்தோவின் பெட்டி கைகொடுத்தது. சாமி கும்பிட்ட இடமும், பிணம் தூக்க ஆள் சேர்ந்த இடமும், விடுதலைக்குப் பணம் சேர்ந்த இடமும் ஒன்றுதான். சமூகவியல் வகுப்பில் மதம், பொருளாதாரம், பொழுதுபோக்கு என்று தனித்தனித் தாள் எழுதிப் பழகியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கொஞ்சம் சிரமம்.

1792இல் வந்த ஓர் ஆணை கபில்தோக்களை ஹவானாவின் மதில்சுவருக்கு வெளியே போகச் சொன்னது. மேளச் சத்தம் நகருக்குள் கேட்கக் கூடாது. ஆண்டில் ஒரு நாள் மட்டும் விலக்கு. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று எல்லாக் கபில்தோக்களும் கொடியோடும் முகமூடியோடும் மேளத்தோடும் மதிலுக்குள் நுழையும். ஆளுநர் மாளிகை முற்றத்தில் ஆடிக் காசு வாங்கும். அந்த ஒரு நாளை ஓவியர்கள் வரைந்தார்கள், பயணிகள் எழுதினார்கள். மற்ற 364 நாட்களைப் பற்றிய பதிவு பெரும்பாலும் போலீஸ் கோப்புகளில்தான் கிடைக்கிறது. 1880களில் அந்த ஒரு நாளையும் தடுத்தார்கள்.

வழிபாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. யொருபா தெய்வங்களான ஒரிஷாக்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் பின்னால் மறைத்தார்கள் என்று சொல்வார்கள். இடிக்குரிய சாங்கோ புனித பார்பராவானார். கடலன்னை யெமயா, ரெக்லா ஊரின் கறுப்பு மாதாவானார். வெறும் மறைப்பு என்று இதைச் சுருக்குவதை நான் ஏற்பதில்லை. பாபலு அயே என்ற நோய்த் தெய்வத்துக்கு மக்கள் பொருத்தியது புனித லாசரஸ். திருச்சபை மதிக்கும் லாசரஸ் ஓர் ஆயர். மக்கள் கும்பிடுவதோ உவமைக் கதையில் வரும் பிச்சைக்கார லாசரஸை. ஊன்றுகோல், புண், புண்ணை நக்கும் நாய்கள். டிசம்பர் 17இல் எல் ரின்கோன் கோயிலுக்குத் தவழ்ந்து போகிறவர்கள் எந்த லாசரஸைப் பார்க்கப் போகிறார்கள் என்பது பாதிரியாருக்கும் தெரியும். திருச்சபையின் ஆயரை விட்டுவிட்டுப் பிச்சைக்காரரை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு தேர்வைச் செய்திருக்கிறார்கள்.

இந்தச் சங்கங்களில் குறை இல்லாமல் இல்லை. புனிதப்படுத்தப்பட்ட பாத்தா மேளங்கள் மூன்று. பெரியதன் பெயர் இயா, தாய் என்று பொருள். அந்தத் தாயைப் பெண்கள் தொடக் கூடாது என்பது மரபு. 1836இல் ரெக்லாவில் துறைமுகத் தொழிலாளர்கள் தொடங்கிய அபாக்குவா என்ற ரகசியச் சங்கம் இன்றும் ஆண்களுக்கு மட்டும்தான். ஒடுக்கப்பட்டவரின் மரபு என்பதற்காக இதைப் பேசாமல் விடக் கூடாது.

கபில்தோவில் கூடியவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கவும் பேசினார்கள். ஹோஸே அந்தோனியோ அபோந்தே ஹவானாவின் சுதந்திரக் கறுப்பினத்தவர். தச்சர். கறுப்பினக் காவற்படையில் இருந்தவர். 1812இல் அவரும் தோழர்களும் திட்டமிட்ட கிளர்ச்சி காட்டிக்கொடுக்கப்பட்டது. வீட்டைச் சோதித்தபோது ஒரு படப்புத்தகம் கிடைத்தது. அபோந்தே தன் கையால் தயாரித்தது. அதில் எத்தியோப்பிய அரசர்கள், கறுப்பினப் போர்வீரர்கள், 1762இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தன் தாத்தா எல்லோரும் இருந்தார்கள். விசாரணை அதிகாரிகள் நாட்கணக்கில் பக்கம் பக்கமாக விளக்கம் கேட்டார்கள். அபோந்தே சொன்னார். ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள். தலையை வெட்டி இரும்புக் கூண்டில் வைத்து ஊருக்குக் காட்டினார்கள்.

புத்தகம் தொலைந்துபோனது. நம்மிடம் இருப்பது விசாரணைப் பதிவு மட்டும். தன் மக்களுக்கு ஒரு வரலாறு உண்டு என்று வரைந்து வைத்த கறுப்பினத் தச்சரின் நூலை, அவரைக் கொன்றவர்களின் கேள்விகளின் வழியாகத்தான் இன்று படிக்க முடிகிறது. ஹவானாவில் நெடுங்காலம் ஒருவரைத் திட்ட 'அபோந்தேயைவிட மோசமானவன்' என்ற சொலவடை புழங்கியது. ஏன் அந்தப் பெயர் என்று தெரியாமலே பேரப்பிள்ளைகளும் சொல்லியிருப்பார்கள்.

இலக்கிய மன்றத்தில் பேசுவதால் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ மன்சானோவைச் சொல்லாமல் போக முடியாது. அடிமையாகப் பிறந்து, தானாக எழுத்துக் கற்று, கவிதை எழுதியவர். 1835இல் தன்வரலாறு எழுதினார். ஸ்பானிய அமெரிக்காவில் அடிமை ஒருவர் தன் கையால் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் தன்வரலாறு அது ஒன்றுதான். தாராளவாத வெள்ளை எழுத்தாளர்கள் பணம் திரட்டி 1836இல் அவரை விடுவித்தார்கள். அவர்கள்தான் எழுதச் சொன்னவர்கள், அவர்கள்தான் பிழை திருத்தியவர்கள். நூல் 1840இல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமல். இரண்டாம் பகுதி தொலைந்துவிட்டது. 1844இல் ஏணிச் சதி என்ற பெயரில் ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவரைப் பிடித்தார்கள். ஏணியில் கட்டிச் சவுக்கால் அடித்து வாக்குமூலம் வாங்கியதால் அந்தப் பெயர். பிளாசிதோ என்ற புகழ்பெற்ற கலப்பினக் கவிஞரைச் சுட்டுக் கொன்றார்கள். மன்சானோவைச் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்த பிறகு அவரிடமிருந்து எழுத்து வரவில்லை. அவருடைய நூல் சொந்த நாட்டில், சொந்த மொழியில் அச்சேற 1937 ஆனது. இந்த ஆண்டை நினைவில் வையுங்கள்.

விடுதலைப் போர்களை வேகமாகக் கடக்கிறேன், அவை நிறைய எழுதப்பட்டவை. 1868இல் போர் தொடங்கியது. அடிமைமுறை ஒழிந்தது 1886இல். ஸ்பெயினை எதிர்த்த விடுதலைப் படையில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. அந்தோனியோ மசேயோ போன்ற கறுப்பினத் தளபதிகளின் பின்னால் வெள்ளைச் சிப்பாய்கள் அணிவகுத்தார்கள். நிறம் பாராத தேசம் என்ற கனவு அந்தப் போர்க்களத்தில் பிறந்தது. அது பொய்க் கனவு என்று நான் சொல்ல மாட்டேன். அதை நம்பித்தான் செத்தார்கள்.

1902இல் குடியரசு வந்தது, அமெரிக்கா தலையிடும் உரிமையோடு. ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனால் அரசு வேலையும் அதிகாரிப் பதவியும் பெரும்பாலும் வெள்ளையருக்குப் போயின. 1906இல் ஐரோப்பியக் குடும்பங்களைக் குடியேற்ற அரசுப் பணம் ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். நாட்டை வெளுக்க வேண்டும் என்பது வெளிப்படையான கொள்கை. இதே காலத்தில், காணாமல்போன குழந்தைகளைக் கறுப்பின மந்திரவாதிகள் பலி கொடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் பீதி கிளப்பின. வழிபாட்டு வீடுகளில் போலீஸ் நுழைந்தது. மேளங்கள் குற்றச் சான்றாயின. அதே 1906இல் ஃபெர்னாந்தோ ஓர்தீஸ் என்ற இளம் வழக்கறிஞர் கறுப்பின மந்திரவாதிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். இத்தாலியக் குற்றவியலாளர் லொம்ப்ரோசோவின் முன்னுரையோடு, ஆப்பிரிக்க வழிபாட்டைக் குற்றமாகவே பார்த்த நூல். இவரும் திரும்ப வருவார்.

1908இல், போரில் நின்ற எவாரிஸ்தோ எஸ்தேனோஸ் தன் தோழர்களோடு நிறமக்களின் சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அமெரிக்கக் கண்டத்தில் முதன்முதலாகத் தோன்றிய கறுப்பினக் கட்சிகளில் ஒன்று. பிரெவிசியோன் என்று பத்திரிகை நடத்தினார்கள். என்ன கேட்டார்கள்? எட்டு மணி நேர வேலை, இலவசக் கல்வி, நிலமற்றவர்க்கு அரசு நிலம், மரண தண்டனை ஒழிப்பு, அரசு வேலையில் நிறப்பாகுபாடு நீக்கம். இதில் எது இனவாதம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் குற்றச்சாட்டு அதுதான். நிறம் பாராத தேசத்தில் நிறத்தின் பெயரால் கட்சியா, நீங்கள்தான் இனவாதிகள் என்றார்கள். ஒரே நிறத்தாரைக் கொண்ட கட்சியைத் தடைசெய்யும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் மார்த்தின் மொருவா தெல்காதோ. கறுப்பினத்தவர், ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக வந்த பெண்ணின் மகன், நாவலாசிரியர், செனட்டில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர். அவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தனிக் கட்சி தன் மக்களைத் தனிமைப்படுத்தும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கை யார் கையில் ஆயுதமானது என்பதுதான் கேள்வி. 1910இல் அது சட்டமானது.

1912 மே 20, குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவு நாள். தடையை நீக்கக் கோரிக் கட்சி ஆயுதம் தாங்கிய கிளர்ச்சியில் இறங்கியது. கூட்டம் திரண்டது கிழக்கே ஒரியந்தே மாகாணத்தில். அவர்கள் யார்மீதும் பெரிய தாக்குதல் நடத்தவில்லை. சில தோட்டங்களையும் கட்டிடங்களையும் எரித்தார்கள். பத்திரிகைகள் இனப் போர் என்று எழுதின. அதிபர் ஹோஸே மிகேல் கோமெஸ், தளபதி மொந்தேயாகுதோ தலைமையில் படையை அனுப்பினார். வெள்ளைத் தொண்டர் படைகள் சேர்ந்தன. அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கினார்கள். புதிய இயந்திரத் துப்பாக்கியின் திறனைக் காட்ட ஒரு படைத் தளபதி பத்திரிகையாளர்களை அழைத்துப்போனார். குண்டுகள் பாய்ந்தது சாதாரணக் குடியானவர்களின் குடிசைகள்மீது. ஜூன் இறுதியில் எஸ்தேனோஸ் கொல்லப்பட்டார். உடலைக் காட்சிக்கு வைத்துப் படம் எடுத்தார்கள். ஜூலையில் பேத்ரோ இவோனெத் கொல்லப்பட்டார். அரசுப் படையில் இறந்தவர்கள் இருபதைத் தாண்டவில்லை. கறுப்பினத்தவரில் இறந்தவர்கள் 2,000 முதல் 6,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். இதற்குப் போர் என்று பெயர் வைத்ததே ஒரு மோசடி.

நான்கு ஆண்டு கழித்து, 1916இல், எல் கோப்ரே மாதா கியூபாவின் பாதுகாவலியாகத் திருத்தந்தையால் அறிவிக்கப்பட்டார். கேட்டுக்கொண்டவர்கள் விடுதலைப் போரின் முன்னாள் வீரர்கள். கடலில் மிதந்துவந்த அந்தச் சிலையைக் கண்டவர்கள் இரண்டு பூர்வகுடிச் சகோதரர்கள், ஒரு கறுப்பினச் சிறுவன் என்பது மரபுக்கதை. அந்தச் சிறுவன் ஹுவான் மொரேனோ முதியவரான பிறகு 1687இல் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. எல் கோப்ரே செம்புச் சுரங்க ஊர். அங்கிருந்த அரச அடிமைகள் நூறாண்டுக்கு மேல் மனுப்போட்டும் மலைக்கு ஓடியும் போராடி, 1800இல் அரச ஆணையால் விடுதலை வாங்கியவர்கள். அதே ஒரியந்தே. மாதாவைத் தேசம் தலையில் வைத்துக்கொண்டது. அந்த மண்ணில் புதிய புதைகுழிகளின் ஈரம் காயவில்லை.

அதன் பிறகு நடந்ததில் சிரிக்கவும் இடமிருக்கிறது. தெருவில் மேளம் அடித்துப் போகும் கோங்கா ஊர்வலத்தை 1925இல் சாந்தியாகோ மேயர் தெசிதேரியோ அர்னாஸ் தடைசெய்தார், அநாகரிகம் என்று. 1933 புரட்சிக்குப் பிறகு குடும்பம் மயாமிக்குப் போனது. அங்கே அவருடைய மகன் தெசி அர்னாஸ் கழுத்தில் கோங்கா மேளத்தை மாட்டிக்கொண்டு, பணக்கார விருந்தினர்களை வரிசையில் ஆடவிட்டுப் புகழ்பெற்றார். பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய நட்சத்திரமானார். அவருடைய அடையாளப் பாட்டு நோய்த் தெய்வம் பாபலுவின் பெயரைச் சொல்லும் பாட்டு. தகப்பன் தடைசெய்ததை மகன் விற்றார். அடித்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

1937க்கு வருகிறேன். ஹவானாவில் 1910களில் தடைசெய்யப்பட்ட திருவிழா ஊர்வலக் குழுக்கள் அந்த ஆண்டு மீண்டும் தெருவுக்கு வந்தன. சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். அதை ஒட்டிய காலத்தில்தான் பாத்தா மேளங்கள் முதன்முறையாகப் பொது அரங்கில் ஒலித்தன. ஏற்பாடு செய்தவர் ஓர்தீஸ். ஆம், அதே ஓர்தீஸ். முப்பது ஆண்டுகளில் அவர் வெகுதூரம் வந்திருந்தார். கியூபப் பண்பாடு ஆப்பிரிக்கா இல்லாமல் இல்லை என்று எழுதும் அறிஞராக மாறியிருந்தார். அந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 1912ஐ நேரில் கண்ட தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. மேளத்தை மேடையில் ஏற்றலாம், கட்சியின் பெயரைச் சொல்ல முடியாது. இந்த ஏற்பாட்டின்மேல்தான் ஆஃப்ரோ-கியூபப் பண்பாட்டின் பொற்காலம் என்று சொல்லப்படுவது எழுந்தது. நிக்கோலாஸ் கியேன் 1930இல் சோன் இசையின் நடையில் கவிதை எழுதி அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு விரிசலை உண்டாக்கினார். சேரித் தெருப் பேச்சைக் கவிதையாக்கியதற்குக் கறுப்பின நடுத்தர வர்க்கத்திலிருந்தே முணுமுணுப்பு வந்தது. அவர்களுக்கு மேளம் வெட்கமாக இருந்தது. ஏன் இருந்தது என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

1959 புரட்சி நிறத்தடைகளை உடைத்தது. மார்ச் 22 உரையில் ஃபிடல் வேலையிலும் பொது இடங்களிலும் நிறப்பாகுபாட்டை நேரடியாகத் தாக்கினார். கடற்கரைகளும் கிளப்புகளும் திறந்தன. 1961 எழுத்தறிவு இயக்கம் 7 லட்சம் பேருக்கு எழுத்துக் கொடுத்தது. நகரப் பூங்காவில்கூட வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பினத்தவருக்கு ஒரு பாதை என்று இருந்த நாட்டில் இது சிறிய காரியமில்லை. கூடவே இன்னொன்றும் நடந்தது. கறுப்பினச் சங்கங்களை மூடினார்கள். 1962இல் நிறப்பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசுகிறவர் பிரிவினைவாதி. மொருவா சட்டத்தின் குரல் வேறு தொண்டையிலிருந்து வந்தது. தேசிய நாட்டார் கலைக்குழு 1962இல் உருவாகி ஒரிஷா நடனங்களை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. அதே ஒரிஷாக்களைக் கும்பிடுகிறவர் 1991 வரை கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக முடியாது.

வால்தேரியோ கார்போனெல் கறுப்பினத்தவர், மார்க்சியர், புரட்சியின் ஆதரவாளர். தேசியப் பண்பாடு என்று நாம் கொண்டாடும் 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அடிமை முதலாளிகளின் அறிஞர்கள், தேசத்தை உருவாக்கிய சக்தி அடிமைகளின் மதமும் பண்பாடும் என்று 1961இல் ஒரு சிறு நூல் எழுதினார். நூல் புழக்கத்திலிருந்து மறைந்தது. அவர் தண்டிக்கப்பட்டார், ஒதுக்கப்பட்டார். மறுபதிப்பு வந்தது 2005இல். இடதுசாரித் தோழர்கள் இதைக் கேட்டு வருந்தலாம். கியூபாவின்மீது அமெரிக்கா விதித்த தடையை எதிர்ப்பதும் கார்போனெலின் பெயரைச் சொல்வதும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவைதான்.

தப்பி ஓடிய அடிமை எஸ்தேபான் மொந்தேஹோவின் வாழ்க்கையை மிகேல் பார்னெத் கேட்டு எழுதி 1966இல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. மொந்தேஹோ நூறு வயதைக் கடந்தவராக அறிமுகமானார். அடிமைக் கொட்டடியும் காட்டு வாழ்க்கையும் போரும் அதில் விரிவாக வருகின்றன. கதை குடியரசின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. 1912இல் முதிர்ந்த மனிதராக இருந்த ஒருவரின் வாழ்க்கைக் கதையில் 1912 இல்லை. மாணவர்கள் வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும்போது, பதிவுக் கருவியை எந்த ஆண்டில் நிறுத்துகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மௌனத்தை உடைத்ததில் வரலாற்றாசிரியர் அலின் ஹெல்க் 1995இல் வெளியிட்ட ஆய்வுக்கும், கியூபக் கறுப்பினப் பெண் இயக்குநர் குளோரியா ரொலாந்தோ மூன்று பகுதிகளாக எடுத்த 1912 ஆவணப்படத்துக்கும் பெரிய பங்குண்டு. 2016இல் யுனெஸ்கோ ரும்பாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. மேளம் தடைப்பட்டபோது கருவாட்டுப் பெட்டியையும் மெழுகுவர்த்திப் பெட்டியையும் கவிழ்த்துப்போட்டு அடித்தவர்களின் ஆட்டம் அது.

ஹவானாவில் அதிபர்கள் அவென்யூ என்று ஒரு அகன்ற சாலை இருக்கிறது. புரட்சிக்குப் பிறகு முதல் அதிபர் எஸ்த்ராதா பல்மாவின் சிலையை அங்கிருந்து அகற்றினார்கள். பீடத்தின்மேல் அவருடைய வெண்கலக் காலணிகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. அதே சாலையின் தென்கோடியில், 1936இல் திறக்கப்பட்ட பெரிய பளிங்கு நினைவுச்சின்னம் முழுதாக நிற்கிறது. அது ஹோஸே மிகேல் கோமெஸுடையது. அதை அகற்ற வேண்டும் என்று கியூபாவின் கறுப்பினச் செயற்பாட்டாளர்கள் கேட்டுவருகிறார்கள். எஸ்தேனோஸுக்கும் இவோனெத்துக்கும் அந்தச் சாலையில் சிலை இல்லை.